இரவு தங்க இடம் உண்டா?

பள்ளித் தேர்வுகள் முடிந்து, சித்திரை வெயில் சமவெளியைச் சுட்டெரிக்கத் தொடங்கியதும், பங்கு இல்லத்து வாயிலில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "சாமி, பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறோம். தங்குவதற்கு அங்கே இடம் கிடைக்குமா?"

கேட்பவர் பெரும்பாலும் ஆசிரியராகவோ, சிறு கடை வைத்திருப்பவராகவோ இருப்பார். ஆண்டு முழுதும் சேர்த்த பணத்தில் மூன்று நாள் குளிர்ச்சியைத் தம் குடும்பத்துக்கு வாங்கித் தர நினைப்பவர். பயணம் என்றதும் நாம் பார்க்க வேண்டிய இடங்களையே எண்ணுகிறோம். ஏரி, அருவி, தூண்பாறை, குறிஞ்சியாண்டவர் கோயில் என்று விரல்விட்டு எண்ணி மகிழ்கிறோம். ஆனால் பயணத்தின் இன்பமும் துன்பமும் பெரும்பாலும் இரவு தலைசாய்க்கும் இடத்தைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல முயல்கிறேன்.

திண்ணையும் சத்திரமும்

வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. தெருவைப் பார்த்துத் திண்ணை கட்டிய நம் முன்னோர், அதை வீட்டுக்காரருக்காக மட்டும் கட்டவில்லை. இருட்டிவிட்ட பின் ஊருக்குள் வரும் அயலான் யாரையும் கேளாமல் துண்டை விரித்துப் படுப்பதற்கும் அது உரியதாயிருந்தது. சாலையோரங்களில் இன்றும் சிற்சில இடங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரண்டு கற்களை நிறுத்தி, மூன்றாவதைக் குறுக்கே வைத்த எளிய அமைப்பு அது. தலைச்சுமையோடு வருபவர், பிறர் உதவியின்றித் தாமே இறக்கி வைக்கவும் தூக்கிக் கொள்ளவும் ஏற்ற உயரம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் அதை நாட்டுவது வழக்கம். தம் துயரத்தைக்கூடப் பிறர் இளைப்பாறும் இடமாக மாற்றிய மக்கள் அவர்கள்.

மதுரையை 1689 முதல் ஏறத்தாழ 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்தும், மரங்கள் நட்டும், சத்திரங்கள் கட்டியும் புகழ் பெற்றார். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரால் விளங்கும் சத்திரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பழனிக்குத் தைப்பூச நாட்களில் நடந்து வருவோர் இம்மரபை இன்றளவும் காத்து வருகின்றனர். நகரத்தார் குன்றக்குடி வழியாக நடந்து வரும் யாத்திரை 400 ஆண்டு மரபுடையது என்பர். சேலம் மாவட்டத்து இடைப்பாடியிலிருந்து காவடியோடு வரும் பருவதராசகுலத்தாருக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. இரவில் வேறெவரும் தங்கக்கூடாத அம்மலைக்கோயிலில், ஆண்டுக்கு ஓர் இரவு அவர்கள் மட்டும் தங்கலாம். 300 ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் அனுபவித்து வரும் இவ்வுரிமையில், நடந்து வந்த களைப்புக்கு ஒரு சமுதாயம் அளித்த மரியாதையைக் காண்கிறோம்.

ஆகஸ்டு இறுதியில் கடலோரச் சாலை வழியே வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம்மவர்க்கும் இந்த அனுபவம் புதிதன்று. பள்ளித் தாழ்வாரங்களிலும் திருமண மண்டபங்களிலும், சமயம் பாராமல் மோரும் சோறும் அளித்த வீடுகளின் முற்றங்களிலும் உறங்கி எழுந்துதான் அவர்கள் செப்டம்பர் 8ஆம் நாள் பெருவிழாவைக் காண்கிறார்கள்.

மலைமேல் எழுந்த கூரைகள்

இனி மலைக்கு மேலே செல்வோம். 1821ஆம் ஆண்டு இம்மலைகளை அளக்க வந்த வார்டு என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி என்னும் சிற்றூரில் தங்கித் தம் பணியைச் செய்தார். மலைக்கு வந்த முதல் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தது மலைமக்களின் ஊரே என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பல தலைமுறைகளாக மோட்டார் சாலை இல்லாமலே வாழ்ந்த அவ்வூரில், ஊருக்குள் எவரும் காலணி அணிவதில்லை என்பது மரபு. அங்கே செல்லும் விருந்தினரும் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொள்கின்றனர்.

1834இல் மதுரையின் துணைக் கலெக்டராயிருந்த ராட்டன் என்பவர், காட்டன் என்னும் மற்றோர் அதிகாரியோடு தேவதானப்பட்டியிலிருந்து மலையேறி, செண்பகனூரை அடுத்த அடுக்கம் கணவாயின் உச்சியில் ஒரு சிறு பங்களாவைக் கட்டினார். 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் இரண்டு வீடுகளை எழுப்பினர். சமவெளியின் காலராவும் காய்ச்சலும் அவர்களுடைய குடும்பங்களில் பலரைக் கொண்டுபோன பின்னரே அவர்கள் இந்தக் குளிர்ச்சியைத் தேடி வந்தனர். நம் மதுரை மறைத்தளத்துச் சேசு சபைக் குருக்களின் நிலையும் அதுவே. 1860இல் அருட்தந்தை லூயி சான் சீர் ஒரு பங்களாவை விலைக்கு வாங்கினார். அதற்கு 'இறைபராமரிப்பு' என்று பொருள்படும் லா புரோவிதான்ஸ் என்ற பெயர் வழங்கலாயிற்று. நோயுற்ற குருக்கள் இளைப்பாற அது இடமாயிற்று. அவரே எழுப்பிய சலேத் மாதா ஆலயம் 1866 முதல் அம்மலையில் விளங்குகிறது. 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி எழுந்தது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படும். மேல்நாட்டார் கொடைக்கானலில் எழுப்பிய தொடக்ககால வீடுகளுள் பல, பிணியாளர் உயிர் பிழைப்பதற்காக எழுந்தவையே. கேளிக்கையெல்லாம் பின்னர் வந்தது.

மற்றோர் உண்மையும் உண்டு. அக்காலத்தில் மோட்டார் சாலை இல்லை. 1875ஆம் ஆண்டளவில் இருப்புப் பாதை வந்த பின்னர், பயணிகள் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைவர். அங்கிருந்து ஏறக்குறைய 12 மைல் செங்குத்தான பாதை. இளைஞர் நடந்தும், வசதியுடையோர் குதிரையிலும், பெண்டிரும் முதியோரும் நோயாளிகளும் டோலியிலும் ஏறினர். கட்டிலும் பெட்டியும் பாத்திரமும் தலைச்சுமையாகவே சென்றன. 1910களில் வத்தலக்குண்டு வழியான மலைச்சாலை நிறைவுற்ற பின்னரே டோலிகள் ஓய்ந்தன. டோலியில் வந்த துரைமாருக்கு மேலே கணப்பு எரியும் அறை காத்திருந்தது. அவர்களைத் தோளில் சுமந்து வந்தவர்கள் அந்தக் குளிரில் எங்கே தலைசாய்த்தார்கள் என்று கேட்டவர் அரியர். இக்கேள்வியை வாசகர்கள் சற்று மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன். மீண்டும் இதற்கு வருவோம்.

இன்று எங்கே தங்கலாம்?

கொடைக்கானல் நகரில் இன்று எல்லா விலைக்கும் விடுதிகள் உண்டு. 1971இல் தோன்றிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி ஃபெர்ன்ஹில் சாலையில் உள்ளது. முதுகில் பையைச் சுமந்து தனியாகவோ இருவர் மூவராகவோ வரும் இளைஞர்களுக்கு, அறைக்கு வாடகை தராமல் ஒரு படுக்கைக்கு மட்டும் வாடகை தந்து தங்கும் பொதுக்கூட விடுதிகளும் நகரில் உள்ளன. துறவற சபைகளின் இல்லங்களைச் சிலர் இலவச விடுதி என்று எண்ணி, முன்னறிவிப்பின்றி வந்து கதவைத் தட்டுகின்றனர். அவை தியானத்துக்கும் பயிற்சிக்கும் முதியோர் ஓய்வுக்கும் உரியவை. தங்க விரும்புவோர் முன்னரே எழுதிக் கேட்டு, இடம் உண்டு என்று மறுமொழி வந்த பின்னரே புறப்படுதல் முறை.

நகரின் நெரிசலை விரும்பாதோர் சிற்றூர்களை நாடலாம். கீழ்மலையில் பண்ணைக்காடும் தாண்டிக்குடியும் காப்பித் தோட்டங்களுக்கிடையே அமைந்தவை. மேல்மலையில் பூம்பாறை, கொடைக்கானலுக்கு அப்பால் ஏறத்தாழ 18 கிலோ மீட்டரில், படிப்படியான வயல்களின் நடுவே உள்ளது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் ஊர்களுள் அதுவும் ஒன்று. அதற்கும் அப்பால் மன்னவனூர். இவ்வூர்களில் சில குடும்பத்தார் தம் வீட்டின் ஒரு பகுதியையே விருந்தினருக்கு விடுகின்றனர். அத்தகைய வீடு அரசிடம் பதிவு பெற்றதா என்று கேட்டறிவது நல்லது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. மலையடிவாரத்தில், பழனியிலோ வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ குறைந்த வாடகையில் இரவு தங்கி, விடியற்காலையில் மலையேறி, மாலையில் இறங்கி விடுவது. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 64 கிலோ மீட்டர். சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு, மலையில் அறை தேடி அலைவதைவிட இது மேல்.

புறப்படுமுன் மற்றொன்றும் செய்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல், கொடைக்கானலுக்கு வெளியூர் வாகனங்களில் செல்வோர் இணைய வழியில் இ-பாஸ் பெற வேண்டும் என்ற முறை வந்தது. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பும் விதித்தது. அவ்வப்போது உள்ள விதியை விசாரித்தே புறப்பட வேண்டும். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இத்தொல்லை இல்லை. 'நம் மலைக்கு நாம் செல்ல அனுமதிச் சீட்டா?' என்று சிலர் சினக்கின்றனர். கோடையில் ஒவ்வொரு விடுதியின் தொட்டி நிரம்பும்போதும், மலைவாழ் குடும்பம் ஒன்று குடத்தோடு காத்து நிற்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மலையும் ஒரு வீடுதான். அதற்கும் வாசல் உண்டு.

தங்கக் கூடாத இடங்கள்

இளைஞர்கள் கூடாரம் அடித்துக் காட்டில் தங்க ஆசைப்படுகின்றனர். அவர்களுக்கு ஒரு துயர நிகழ்ச்சியை நினைவூட்டுவது என் கடமை. 2018 மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேற்றத்துக்குச் சென்று இறங்கிக் கொண்டிருந்த இளம் ஆண்களும் பெண்களும் காட்டுத் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல்வெளியில் தீயின் வேகத்துக்கு முன் மனிதக் கால்கள் ஓட முடியாது. அதன் பின்னர் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. பழனி மலைக் காடுகளில் 600 சதுர கிலோ மீட்டருக்கும் அதிகமான பரப்பு 2013 முதல் வனவிலங்கு சரணாலயமாக உள்ளது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இரவு தங்குவது குற்றமாகும். அனுமதியோடு செல்லும் பகுதியிலும் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். காட்டுமாடுகள் நகரத்துத் தெருக்களிலேயே உலவும் மலை இது.

அனுமதியின்றி எழுந்த கட்டடங்களையும் தவிர்க்க வேண்டும். இரண்டு மாடிக்கு இடமுள்ள இடத்தில் ஏழு மாடிகள் எழுப்பிய ஒரு விடுதியை எதிர்த்து, 1990களில் பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தார் நீதிமன்றம் சென்றதை மூத்த வாசகர்கள் அறிவர். சரிவான மண்ணில் ஏற்றும் ஒவ்வொரு மாடியும் கீழே உள்ள வீட்டுக்கு ஆபத்து. மலிவான வாடகைக்கு ஆசைப்பட்டு நாம் அங்கே தங்கினால், அந்தத் தவற்றில் நமக்கும் பங்கு உண்டு.

மேல்மலையில் ஓர் இரவு

என் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்க எண்ணுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இ-பாஸ் முறை வருமுன், ஒரு மே மாதத்தில், எங்கள் பங்கு இளைஞர்கள் எட்டுப் பேருடன் ஒரு வாடகை வேனில் கொடைக்கானலுக்குச் சென்றேன். ஒரு விடுதியில் முன்பணமும் கட்டியிருந்தோம். வழியெல்லாம் வாகன நெரிசல். இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் அறைகளை மும்மடங்கு வாடகைக்கு வேறொருவருக்குக் கொடுத்து விட்டிருந்தார்கள். முன்பணத்தைத் திருப்பித் தந்து, கதவைச் சாத்திக் கொண்டார்கள். ஆறு விடுதிகளில் கேட்டோம். எங்கும் இடமில்லை. மழையும் தொடங்கிவிட்டது. ஓர் இளைஞனுக்குக் காய்ச்சல் வேறு.

அவர்களுள் ஒருவனுக்குத் தெரிந்தவர் மேல்மலையில் ஒரு சிற்றூரில் இருந்தார். தொலைபேசியில் அழைத்தோம். அவர் ஊரில் இல்லை. ஆயினும் தம் அண்டை வீட்டில் சொல்லி வைப்பதாகக் கூறினார். பத்தரை மணிக்கு அங்கே சென்றபோது, எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி, தனியே வாழ்பவர், கையில் விளக்கோடு வாசலில் நின்றிருந்தார். தகரக் கூரையிட்ட இரண்டு அறை வீடு. பரணில் பூண்டுக் கட்டுகள் தொங்கின. விதைப்பூண்டு மூட்டைகளை ஓரமாகத் தள்ளி, எங்களுக்குப் பாய் விரித்தார். கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். நாங்கள் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தப் போகும்போது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சாமி, வண்டி ஓட்டிக்கிட்டு வந்த தம்பி எங்கே படுப்பாரு?"

நான் விடை சொல்ல இயலாமல் நின்றேன். அன்று அதிகாலை முதல் பதினெட்டு மணி நேரம் எங்களைச் சுமந்து வந்த அந்த ஓட்டுநர், மழையில் நின்ற வேனின் முன்னிருக்கையில் கால்களை மடக்கிப் படுத்திருந்தார். விடுதியில் நாங்கள் அறைகள் பேசியபோதும், அவருக்கென்று ஓர் இடம் கேட்க எங்களுள் எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அறை தர மறுத்த விடுதிக்காரரைப் பற்றி வழியெல்லாம் குறைபேசி வந்த நாங்கள், அதே குறையை எங்களோடு வந்தவருக்குச் செய்துகொண்டிருந்தோம். சத்திரத்தில் இடம் கிடைக்காத குடும்பத்தை ஆண்டுதோறும் குடில் அமைத்து நினைவுகூரும் எனக்கு, அந்த நினைவு அப்போது சுருக்கென்று தைத்தது.

மூதாட்டியே குடையை எடுத்துச் சென்று அவரை அழைத்து வந்தார். அடுப்புக்கு அருகே இருந்த நல்ல இடத்தை அவருக்கு ஒதுக்கினார். "நாளைக்கு இவரு கண்ணுதான உங்க எல்லாருக்கும் கண்ணு" என்றார். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த அச்சாலையில் இறங்கியவர் எவரும் அச்சொல்லின் பொருளை உணர்வர்.

விடியற்காலையில் விழித்த நான் மற்றொன்றையும் கண்டேன். வீட்டில் இருந்தவை இரண்டே கம்பளிகள். ஒன்று காய்ச்சல்காரப் பையன் மேலும், மற்றொன்று ஓட்டுநர் மேலும் கிடந்தன. மூதாட்டி அணைந்துகொண்டிருந்த அடுப்பின் முன் முக்காடிட்டுக் குந்தியிருந்தார். இரவு முழுதும் அப்படியே இருந்திருக்க வேண்டும்.

பணம் கொடுத்தோம். வாங்க மறுத்துவிட்டார். "இல்லாதவங்களா நாங்க?" என்று சிரித்தார். இளைஞர்கள் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டு, அன்று பார்க்க இருந்த இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, பகல்வரை அவருடைய விதைப்பூண்டு மூட்டைகளை மேல்வயலுக்குச் சுமந்து சேர்த்தார்கள். ஓட்டுநரை மட்டும் உறங்க விட்டோம். பத்து மணிக்குத்தான் அவர் எழுந்தார்.

இப்போது, டோலி சுமந்தவர்கள் எங்கே படுத்தார்கள் என்று முன்பு நான் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அக்கேள்வி தீரவில்லை. 2023இல் தமிழக அரசு, விடுதிகளில் தங்குவோரின் ஓட்டுநர்களுக்கு வளாகத்திலோ அருகிலோ படுக்கையும் கழிப்பறையும் அமைத்துத் தரவேண்டும் என்று விதி வகுத்தது. நல்ல விதி. ஆனால் கேட்பவர் இருந்தால்தான் விதி உயிர்பெறும். உறங்காத ஓட்டுநரோடு மலையிறங்குவது அவருக்குச் செய்யும் அநீதி மட்டுமன்று, நம் பிள்ளைகளின் உயிருக்கும் ஆபத்து.

ஆகவே, கோடைப் பயணத்துக்குத் திட்டமிடும் குடும்பத் தலைவர்களே! விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது, வாடகையையும் வெந்நீரையும் கேட்பதற்கு முன்னால் மூன்று செய்திகளைக் கேளுங்கள். கட்டடம் அனுமதி பெற்றதா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஓட்டுநருக்குப் படுக்கை உண்டா? கம்பளி ஒன்றைக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் வேறொருவருக்குத் தேவைப்படலாம்.

இனி யாரேனும் பங்கு இல்லத்து வாயிலில் வந்து, "தங்க இடம் கிடைக்குமா, சாமி?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பேருக்கு?" சென்ற ஆண்டு ஒருவர், "நாங்கள் ஆறு பேர்" என்று சொல்லிவிட்டுச் சற்று நின்று, "இல்லை சாமி, டிரைவரோடு ஏழு" என்றார்.